துடைக்காத இடம்

தன் இடது விரை வலதைவிடச் சற்றுத் தாழ்ந்து தொங்குவதைப் பெரிய குறையாக நினைத்து, அறிவழகன் வந்த வரன்களையெல்லாம் தட்டிக் கழித்தான். இந்த வரனுக்கு மாலைக்குள் பதில் வேண்டும் என்று அக்கா கெடு வைத்த பிறகுதான் டாக்டரிடம் போனான்.

"முக்காவாசி ஆம்பளைங்களுக்கு அப்படித்தான்பா. வலி, வீக்கம், கட்டின்னா உடனே ஓடி வா. இது குறையே இல்ல," என்றார் பரிசோதித்த டாக்டர்.

"ஆறுதலுக்குச் சொல்றீங்க சார்."

"மியூசியத்துலதானே வேலை பாக்குற? அங்க நிக்கிற தீர்த்தங்கரரை ஒருநாளும் பாத்ததில்லையா?"

ஆடையில்லாத அந்தக் கற்சிலையை வருடக்கணக்கில் துடைப்பவனே அவன்தான். தோளில் தொடங்கி இடுப்புவரை வருவான். பிறகு கண்ணைத் திருப்பிக்கொண்டு முழங்காலுக்குத் தாவிவிடுவான். சாமியை அங்கே பார்க்கலாமா?

இன்று ஈரத்துணியோடு சிலையின் முன் மண்டியிட்டான். அங்கே மட்டும் தூசி அப்பிக் கிடந்தது.

"மன்னிச்சுக்கோ சாமி."

மெல்லத் துடைத்தான். பாதியில் கை நின்றது. எந்தக் காலத்துச் சிற்பியோ, யாரைப் பார்த்தோ, இடதைச் சற்றுத் தாழ்த்தியே செதுக்கியிருந்தான்.

செல்போன் அடித்தது. அக்கா.

"என்னடா, வழக்கம்போல வேண்டாம்தானே?"

அவன் நிமிர்ந்து சிலையின் முகத்தைப் பார்த்தான்.

"அக்கா, பொண்ணு பேரு என்னன்னு சொன்னே?"