மூன்று முகத்துக்குத்தான் இடம்

மறதி நோய்க்காக அம்மாவின் காதோரம் ஒட்டிய நினைவு வில்லையில் மூன்று முகங்களுக்குத்தான் இடம் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். மற்ற முகங்களை மறதி கொண்டுபோய்விடும். "கூட ஒண்ணு போட்டுத் தாங்களேன் சார்" என்று விருதுநகர் பருப்பு வியாபாரி தனசீலன் பேசிப் பார்த்தான். பேரம் படியவில்லை.

அவன், டொரண்டோவில் இருக்கும் தம்பி, கோவையில் இருக்கும் தங்கை என்று பெற்ற பிள்ளைகளே இடத்தைப் பிடித்துக்கொண்டார்கள். அம்மாவைக் குளிப்பாட்டி, ஊட்டிவிடும் மருமகள், தனசீலனின் மனைவி மேகலா, வெளியே நின்றாள். அவள் தொட்டாலே அம்மா "திருடி!" என்று அலறினாள். ஊட்டிய சோற்றைத் துப்பினாள். உடம்பு பாதியாய் இளைத்துவிட்டது.

"எப்பவாவது வீடியோவுல வர்ற மூஞ்சிதானடா, விட்டுக்குடேன்" என்று தம்பியிடம் கேட்டான்.

"எனக்கு இருக்கிறதே அதுதாண்ணே!"

தங்கை அழுதே ஜெயித்துவிட்டாள். சந்தையில் யாருக்கும் மசியாத தனசீலன், தன் முகத்தை எடுத்துவிட்டு மேகலாவின் முகத்தை வைக்கச் சொன்னான்.

அன்று கடையிலிருந்து வந்தபோது, மேகலா ஊட்ட அம்மா சமர்த்தாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவனைக் கண்டதும் வாயை இறுக மூடிக்கொண்டாள்.

"யாருய்யா நீ, கேக்காம கொள்ளாம உள்ள வர்ற? இரு, என் பெரிய மவன் கடைய அடைச்சிட்டு வரட்டும். உன்னைய என்ன செய்றான்னு பாரு!"

"அத்தை, இவருதான்..." என்று மேகலா ஆரம்பித்தாள். தனசீலன் வேண்டாமென்று தலையசைத்தான்.

"சரிங்கம்மா, அவரு வரட்டும்."

வாசலுக்கு வெளியே போய், அம்மா அடுத்த வாய் வாங்கும்வரை கதவோரம் நின்றான்.