காட்டைக் கடந்த ராஜா

“வாரத்துக்கு ஒருத்தன் கண்ணைத் தோண்டாம உங்களுக்குக் கதை நகராதா அண்ணே?”

செந்தூலிலிருந்து மினிபஸ் பிடித்து வந்து, புருஷனைக் கீழேயே விட்டுவிட்டு, பிரிக்பீல்ட்ஸ் மாடி வீட்டுக்கு மூச்சிரைக்க ஓடி வந்த தனலெட்சுமியின் முதல் கேள்வியே அதுதான்.

ரெங்கசாமிக்குச் சுருக்கென்றது. ஞாயிற்றுப் பத்திரிகையில் அவர் எழுதும் ‘கருங்குன்ற ராஜ்ஜியம்’ தொடருக்கு எதிரிகூட உண்டா?

“மாயமந்திரக் கதைம்மா. ரத்தம் ஓடத்தான் செய்யும்.”

“ஓடட்டும். கிளாங் ஆத்து வெள்ளம் மாதிரியா? அதுல பதினாறு ராஜா. குதிரைக்குப் பேரு, குதிரையோட அப்பனுக்கும் பேரு! யாரு யாரை வெட்டுறான்னே புரியல.”

ரெங்கசாமி மீசையைத் தடவிக்கொண்டார். “குதிரைக்குப் பரம்பரை எழுதுன ஆளு மலேசியாவுலயே நான் ஒருத்தன்தான்! தலை சுத்துச்சுன்னா சமையல் குறிப்புப் பக்கம் போயிடணும் லா.”

“போன மாசம் வீரவர்மன் ராஜா கண்ணைத் தோண்டி ஓநாய்க்குப் போட்டீங்களே, அவரையாவது உயிரோட திரும்ப…”

“செத்தவன் செத்தவன்தான். இது என் ராஜ்ஜியம்.”

படியில் தடி தட்டும் சத்தம். தனலெட்சுமியின் முகம் வெளுத்தது.

கறுப்புக் கண்ணாடியோடு, கதவைத் தடவியபடி உள்ளே வந்தார் அவள் கணவர் சபாபதி. பட்டறையில் நெருப்பு தெறித்து இரண்டு கண்ணும் போனவர்.

“ஐயா, உங்களைப் பார்க்கணும்னு நான்தான் அடம் பிடிச்சேன். ஞாயித்துக்கிழமையானா இவ ஒரு எழுத்து விடாமப் படிச்சுக் காட்டுவா. என்ன தெளிவான எழுத்து! ரெண்டே ராஜா. ஒரு சொட்டு ரத்தம் கிடையாது!”

ரெங்கசாமி தனலெட்சுமியைத் திரும்பிப் பார்த்தார்.

“கண்ணு போன வீரவர்மன் வாசனையை வச்சே காட்டைத் தாண்டி ஊருக்கு வந்தாரே, அதைக் கேட்ட மறுநாள்தான், வீட்டுல முடங்கிக் கிடந்த நான் தடியை எடுத்தேன். இன்னைக்கு உங்க மாடிப்படியை யாரும் பிடிக்காம ஏறிட்டேன் ஐயா!”

சபாபதியின் நெஞ்சு நிமிர்ந்திருந்தது. அவருக்குப் பின்னால், கண் கலங்க, கைகூப்பி நின்றாள் தனலெட்சுமி.

“அடுத்த வாரம் ராஜாவுக்கு அரியணை கிடைச்சிடுமா?”

ரெங்கசாமி கம்பீரமாகச் செருமினார். “அதை இப்பவே சொன்னா எப்படி? காத்திருக்கணும் லா. இருங்க, காபி கலந்துட்டு வரேன். நீயும் வாம்மா, ஒரு கை கொடு.”

அடுப்படிக்குள் நுழைந்ததும் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

“தங்கச்சி, சீக்கிரம் சொல்லு. அடுத்த வாரம் நம்ம ராஜாவுக்கு என்ன ஆகுது?”