பதினேழாவது பாட்டில்

"சொந்த ஓட்டுக்கு வெச்சிருக்கிற காருக்கு இந்த டெஸ்ட் தண்டம், சீஃப். கப்பலுக்குச் சரி, லாரி கம்பெனிக்குச் சரி. இந்த டெஸ்டுக்கு ஆகிற காசுல பழைய ஆயிலைக் கொட்டிட்டுப் புதுசே ஊத்திடலாம்."

எஞ்சின் ஆயில் பரிசோதனைக் கூடம் நடத்துகிறவரே இப்படிச் சொல்வது புதிதல்ல. வருடத்துக்கு இரண்டு முறை சொல்வார். சொல்லிவிட்டு ரிப்போர்ட்டை நீட்டுவார். ஒரு காலத்தில் கப்பலின் இயந்திர அறையில், சீஃப் எஞ்சினியராக இருந்த இந்தப் பெரியவருக்குக் கீழே வேலை பார்த்தவர். சொந்தமாகக் கூடம் வைத்துத் தலை நரைத்த பிறகும், 'சீஃப்' என்கிற சொல் அவர் வாயைவிட்டுப் போகவில்லை.

சீஃப் சட்டைப்பையில் கண்ணாடியைத் தேடினார்.

ஒன்பது வருடங்களுக்கு முன், அவருடைய ஒரே மகள் தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு, அவருடைய காரை ஓட்டிக்கொண்டு போனாள். இயந்திர இரைச்சலுக்கு மேலே கத்திப் பழகிய குரலில் அன்று அவர் சொன்ன வார்த்தைகளுக்குப் பிறகு அவளிடமிருந்து ஒரு போன் இல்லை, ஒரு வரி இல்லை. ஆறு மாதம் கழித்து, அவர் தன் கார் ஆயிலை வழக்கமாகச் சோதிக்கக் கொடுத்துவந்த இந்தக் கூடத்துக்கு ஒரு சின்ன பாட்டில் வந்தது. உள்ளே, அந்தக் காரிலிருந்து வடித்த ஆயில். லேபிளில் கார் நம்பர், ஓடிய கிலோமீட்டர், ஒரு கைபேசி எண். அதன் பிறகு ஆயில் மாற்றும்போதெல்லாம் ஒன்று, தவறாமல் வந்தது. கட்டணத்தை சீஃப் கட்டினார். ரிப்போர்ட் அவரிடமே வந்தது.

பிள்ளைகளின் கடிதத்தைப் படிக்கிற மாதிரிதான் அதைப் படிப்பார். ஆயிலில் சிலிக்கான், அதாவது புழுதி, ஏறியிருந்தால், மண் ரோட்டுப் பக்கம் குடியிருக்கிறாள். இறங்கியிருந்தால், ரோடு போட்டுவிட்டார்கள். நான்கு வருடத்துக்கு முன் ஆயிலில் பெட்ரோல் கலக்க ஆரம்பித்தது. எஞ்சின் சூடேறுவதற்குள் அணைத்துவிடுகிறாள். தினமும் பக்கத்தில் எங்கோ போய் வருகிறாள். எங்கே? குழந்தையைப் பள்ளியில் விடத்தான். அன்று வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஒரு பொம்மைக் கடை வாசலில் வெகுநேரம் நின்றார். பையனா பெண்ணா என்பதை ஆயில் சொல்லவில்லை.

"விட்டா ஆயிலைப் பாத்தே பேரப்பிள்ளைக்குப் பேரும் வெச்சிடுவீங்க" என்று லேப்காரர் கிண்டலடிப்பார். கூடவே, லேபிளில் இருக்கிற எண்ணைத் தரட்டுமா என்று கேட்பார். ஒவ்வொரு தடவையும் சீஃப் வேண்டாம் என்றுவிடுவார். கூப்பிட்டு, அவள் துண்டித்துவிட்டால்? அதன் பிறகு பாட்டிலும் வராமல் போய்விட்டால்?

இன்று பதினேழாவது ரிப்போர்ட். பாதி தூரம் படித்ததும் விரல் நின்றுவிட்டது.

"சோடியமும் பொட்டாசியமும் இவ்வளவு ஏறியிருக்கே."

"அதைச் சொல்லத்தான் வரச் சொன்னேன், சீஃப். கூலன்ட் ஆயிலுக்குள்ள இறங்குது. ஹெட் கேஸ்கெட் போயிட்டிருக்கு. இப்படியே ஓட்டினா எஞ்சின் நடுரோட்டுல நின்னுடும்."

குழந்தையை வைத்துக்கொண்டு நடுரோட்டில். சீஃப் எழுந்து ஜன்னல்வரை போய்த் திரும்பினார். நீயே கூப்பிட்டுச் சொல்லிவிடேன் என்று லேப்காரரிடம் கேட்டுப் பார்த்தார். லேப்காரர் லேபிளை மேசையின் இந்தப் பக்கம் தள்ளிவிட்டு, சோதனைக் குழாய்களைக் கழுவுகிற சாக்கில் உள்ளே போய்விட்டார்.

எண்களை அழுத்துவதற்குள் விரல் மூன்று முறை தப்பியது. 'அப்பா பேசறேன்' என்று தொடங்குவதா? வேண்டாம். கார் விஷயமாகவே பேசிவிடலாம்.

மணி அடித்தது. எடுத்தது ஒரு வயதான பெண் குரல். ஆயில் லேபிலிருந்து பேசுவதாகச் சொல்லி, சீஃப் அந்தக் காரின் நம்பரைச் சொன்னார்.

"ஆமாங்க, நம்ம வண்டிதான். பேரனை ஸ்கூல்ல விட்டுட்டு இப்பதான் வந்து நிறுத்துறேன்."

பேரன். பையன்தான். சீஃப் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முகமே பார்த்திராத சம்பந்தியம்மா. மரியாதையாக, நிறுத்தி நிறுத்தி விஷயத்தைச் சொன்னார்: எஞ்சினைக் குளிர்விக்கிற கூலன்ட் ஆயிலுக்குள் கசிகிறது, அதைத் தடுக்கிற கேஸ்கெட்டை மாற்றும்வரை வண்டியைத் தொடவே கூடாது, பேரனை நாளைக்கு ஆட்டோவில் அனுப்புங்கள். அந்த அம்மாள் பதறிப்போய் நன்றி சொன்னார். நல்லவேளை பார்த்துச் சொன்னீர்கள், இதற்கெல்லாம் ஒரு டெஸ்டா என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன் என்றார்.

சீஃப் தொண்டையைச் செருமிக்கொண்டார். ஒன்பது வருடம் அந்தத் தொண்டையிலேயே கிடந்தது வெளியே வந்தது.

"உங்க மருமககிட்ட கொஞ்சம் போனைக் குடுக்கறீங்களாம்மா? ஒரு நிமிஷம் போதும்."

"மருமகளா? எனக்குப் பொண்ணு மட்டும்தாங்க. ஓ, பழைய ஓனரம்மாவைக் கேக்கறீங்களா? அவங்க வெளிநாட்டுக்குப் போறப்ப எனக்கு வித்துட்டுப் போனாங்க, நாலு வருஷம் ஆச்சு. நான் கேட்ட விலைக்கே குடுத்தாங்க, ஒரே ஒரு கண்டிஷன்தான் போட்டாங்க: ஆயில் மாத்தறப்பல்லாம் ஒரு பாட்டில் பிடிச்சு உங்க லேபுக்கு அனுப்பிடணும், அது நின்னுபோச்சுன்னா எங்கப்பா பயந்துடுவாருன்னாங்க."