இரண்டு வீட்டுப் பட்டியல்

எலக்ட்ரீசியன் தம்பி பட்டியலை வாசிக்கத் தொடங்கியதும் நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

நர்ஸ் அக்கா வீட்டு முன்னறையில் இருபத்துநான்கு பேர். ஃபேன் சுற்றியது, காற்றுதான் வரவில்லை. பைபிளைத் திறந்தால் முழங்கை பக்கத்தில் இருப்பவர் விலாவில் இடித்தது. வெளியே செருப்புகள் படி இறங்கிப் பக்கத்து வீட்டு வாசல் வரை போயிருந்தன.

இந்த வேத பாடக் குழு தொடங்கியபோது நாங்கள் ஏழு பேர்.

இனி இரண்டு குழு. பாதிப் பேர் இங்கேயே. மீதிப் பேர் குழுவில் இருக்கும் டெய்லர் வீட்டில்.

"பன்னெண்டு பேருக்கு மேல போனா யாரும் மனசு விட்டுப் பேச மாட்டாங்க" என்றார் தம்பி. குழுவை நடத்துகிறவர் அவர்தான்.

எனக்கு ஒரே ஒருவர் இருந்தாலே பேச்சு வராது. அந்த ஒருவர் பஸ் டிரைவர் சீருடையைக்கூட மாற்றாமல் என் பக்கத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். என் கணவர்.

ஒவ்வொரு வாரமும் கடைசியில் ஆளுக்கொரு ஜெபக் குறிப்பு சொல்ல வேண்டும். நான் மூட்டுவலி என்பேன். இவர் ஷிப்ட் மாற வேண்டும் என்பார். மூன்று வருடமாக இதே இரண்டு. கர்த்தருக்கே கேட்டுச் சலித்திருக்கும்.

மகன் வீட்டைவிட்டுப் போயும் மூன்று வருடம். "அவன் பேச்ச இனி இந்த வீட்ல எடுக்கக் கூடாது" என்று இவர் அன்றைக்குச் சொன்னார். நான் எடுக்கவில்லை. நான் வேலை பார்க்கும் லாண்டரியில் இஸ்திரி போடும்போது அவன் வயதுப் பையன்களின் சட்டை வந்தால் காலரை இரண்டு தடவை தேய்ப்பேன். அவ்வளவுதான்.

ஒரு தடவையாவது நாலு பேர் நடுவில் அவன் பெயரைச் சொல்ல வேண்டும். இவர் இல்லாத இடத்தில். அதற்காகத்தான் போன ஞாயிற்றுக்கிழமை தம்பியைத் தனியாகப் பிடித்து, என்னை மட்டும் டெய்லர் வீட்டில் போடச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை.

டெய்லர் வீட்டுப் பட்டியலில் என் பெயர் நாலாவதாக வந்தது. இவர் பெயர் கடைசிவரை வரவில்லை.

நர்ஸ் அக்கா சத்தமாகச் சிரித்தார். "என்ன பிரதர், குழுவப் பிரிக்கச் சொன்னா குடும்பத்தப் பிரிச்சிட்டீங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். மாற்றி எழுதுங்கள் என்று இவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். பிறகு சாகும்வரை மூட்டுவலிதான்.

இவர் கண்ணைத் திறந்தார். "இருக்கட்டும் சிஸ்டர். இவ பக்கத்துல இருந்தா எனக்கு வசனம் மண்டையில ஏற மாட்டேங்குது."

இன்னும் சிரிப்பு.

ஜெபம் முடிந்து செருப்பைத் தேடிக் குனிந்திருந்தேன். தம்பி பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"பயப்படாதீங்கக்கா, நீங்க கேட்டத அண்ணன்கிட்ட சொல்லல. ஆனா நீங்க கேக்குறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே அவரும் வந்து இதையேதான் கேட்டாரு. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னாரு. என் வாய்தான் நிக்க மாட்டேங்குது."

நிமிர்ந்து பார்த்தேன். இவர் தெருவில் முதுகைக் காட்டி நின்று பைக் சீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பைக்கில் ஏறி உட்கார்ந்தேன். டெய்லர் வீட்டுப் பக்கம் வந்ததும் வேகத்தைக் குறைத்தார்.

"அடுத்த வாரம் உன்ன இங்க எறக்கி விட்டுட்டு நான் அங்க போறேன்."

"முடிஞ்சதும்?"

"இங்கயே இரு. வந்து கூட்டிட்டுப் போறேன்."

திருப்பம் தாண்டிய பிறகு, தலையைத் திருப்பாமலே சொன்னார்.

"ஜெபக் குறிப்பு சொல்ல எனக்கு அன்னிக்குக் கொஞ்சம் நேரமாகும்."