மெல்லிசு பிக்

"ஏலே, இது கிட்டார் பிக்கா? பால் கவரைக் கத்தரிச்ச மாதிரில்லா இருக்கு!"

மாதா கோயில் பாடகர் குழு மொத்தமும் திரும்பிப் பார்க்கும்படி கேட்டார் ஜெர்சன். டெரன்ஸ் கையிலிருந்த பிக்கைப் பிடுங்கி, விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அழுத்தினார். அது வெட்கமில்லாமல் வளைந்தது.

குழுவில் கிட்டார் வாசிப்பவன் டெரன்ஸ்தான். ஜெர்சனும் ஒரு காலத்தில் வாசித்தவர். இப்போது வாசிப்பதில்லை, வாசிப்பதைப் பற்றிப் பேசுகிறார். பகலில் துறைமுகத்தில் கப்பல் சரக்கு கிளியரிங் வேலை. சாயங்காலம், குழுவில் பாடும் மனைவி ஷெர்லினை பைக்கில் கொண்டுவந்து விடுகிற சாக்கில், ஒத்திகைக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்துவிடுவார்.

அவர் வீட்டில் மக்ரூன் டப்பாவைத் திறந்தால் மக்ரூன் இருக்காது. பிக்குகள்தான் இருக்கும். 'கம்பியைத் தட்டுகிற பிளாஸ்டிக் துண்டுதானே' என்று அவரிடம் யாரும் சொல்லிவிடக் கூடாது. சொன்னவர் அன்றைக்கு வீடு போய்ச் சேர முடியாது.

"நைலான் வளையும், ஆனா ஒடையாது. செல்லுலாய்டு கிணுகிணுன்னு பேசும், சீக்கிரம் தேஞ்சிரும்" என்று ஆரம்பித்தார். "முக்கோணப் பிக்குன்னா ஒரு மூலை போனா அடுத்த மூலை. துளி மாதிரி கூரா இருக்கது ஒத்தைக் கம்பி வாசிக்க. கனம் பாயிண்ட் எழுபத்திமூணு மில்லிமீட்டரா, எண்பத்தெட்டான்னு கண்ணை மூடிக்கிட்டு காதாலயே சொல்லிருவேன். ஒங்கிட்ட இருக்கது வெறும் பாயிண்ட் முப்பத்தெட்டு. இதை வச்சு கிட்டார் வாசிக்க முடியாது, பல்லு குத்தலாம்."

பின்வரிசையில் சிரித்தார்கள். ஷெர்லின் சிரிக்கவில்லை.

"விடுங்க, அவன் வாசிக்கட்டும்" என்றாள் மெதுவாக.

கோடையில் தைராய்டு ஆபரேஷன் ஆனதிலிருந்து அவள் எல்லாவற்றையும் மெதுவாகத்தான் சொல்கிறாள். ஜெர்சனுக்கு அதில் குறையில்லை. 'வீடு இப்பத்தான் அமைதியா இருக்கு' என்று ஆபீஸில் சொல்லி வைத்திருந்தார்.

"நீ சும்மா இரு. ஒனக்குப் பாட்டு தெரியும், பிக்கு தெரியாது."

"கெட்டியான பிக்கு எங்கிட்டயும் இருக்குண்ணே. இந்தப் பாட்டுக்கு இது போதும்" என்றான் டெரன்ஸ்.

"போதுமா? வார ஞாயித்துக்கெழமை திருவிழா. பிஷப் ஆண்டவர் வாரார். ஷெர்லின் தனியாப் பாடுற பாட்டு. பின்னால கிட்டாரே கேக்கலன்னா நமக்குல்லா அசிங்கம்!"

சட்டைப் பையிலிருந்து வெள்ளையாக ஒன்றை எடுத்தார்.

"சங்கு. சொல்லி வச்சு பிக்கா அறுத்து வாங்குனது. முழுசா ரெண்டு மில்லிமீட்டர். இதை வச்சு அடி. பீச்சு வரைக்கும் கேக்கும்."

டெரன்ஸ் ஷெர்லினைப் பார்த்தான். ஷெர்லின் தரையைப் பார்த்தாள்.

"அடிச்சுக் காட்டிரு டெரன்ஸ். பஞ்சாயத்து முடியட்டும்" என்றார் பாடகர் குழு மாஸ்டர் பவுல்.

டெரன்ஸ் சங்கை வாங்கி வாசித்தான். கம்பிகள் கணீரென்று அதிர்ந்தன. ஜன்னல் கண்ணாடிகூட லேசாகச் சேர்ந்து பாடியது.

ஜெர்சன் கண்ணை மூடிக்கொண்டார். தலை தானாக ஆடியது. "கேட்டியளா! சங்குன்னா சங்குதான்!"

கண்ணைத் திறந்தபோது, ஷெர்லினின் வாய் அசைந்துகொண்டிருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. சத்தம் மட்டும் வரவில்லை. பாட்டின் இரண்டாவது வரியில் அவள் மைக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

பவுல் தயங்கித் தயங்கிச் சொன்னார். "முடியலன்னா சொல்லிரும்மா. தனிப்பாட்டை வேற பிள்ளைக்குக் குடுத்துருதேன்."

"மைக்கு கோளாறு மாஸ்டர்! நான் பாக்கேன்" என்று எழுந்தார் ஜெர்சன்.

"மைக்கு நல்லாத்தான் இருக்குண்ணே."

டெரன்ஸ் சங்கை அவர் உள்ளங்கையில் வைத்தான். தன்னுடைய மெல்லிசு பிக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டான். கம்பிகளைத் தடவுகிற மாதிரி மீட்டினான்.

"அக்கா, பல்லவியிலேருந்து வாங்க."

ஷெர்லின் எழுந்து பாடினாள். சின்னக் குரல். பழைய உச்சம் அதில் இல்லை. ஆனால் ஒவ்வொரு சொல்லும் கடைசி பெஞ்சு வரை போய்ச் சேர்ந்தது. கிட்டார் அவளுக்கு வழி விட்டு, ஓரமாகக் கூடவே நடந்தது.

பாட்டு முடிந்ததும் பவுல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தனிப்பாட்டு ஷெர்லினுக்குத்தான். டெரன்ஸ், நீ இப்படியே வாசி."

அதற்குப் பிறகு ஒத்திகை முடியும் வரை ஜெர்சன் எந்தப் பிக்கைப் பற்றியும் எதுவும் சொல்லவில்லை. அதுவே ஒரு புதுமை.

பைக்கை எடுக்கும்போதுதான் வாய் திறந்தார்.

"ஏளா, குரல் இன்னும் சரியாகலன்னு டெரன்ஸுகிட்ட சொல்லத் தெரிஞ்சுது. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"அவங்கிட்டயும் நான் சொல்லல. மொத நாள் பாடும்போதே, கேட்டுட்டு அவனாத்தான் பிக்கை மாத்திக்கிட்டான்" என்றாள் ஷெர்லின். பின்சீட்டில் ஏறிச் சேலையை ஒதுக்கிக்கொண்டாள்.

"ஒங்ககிட்டதான் சொல்லணும்னு இருந்தேன். நீங்க பிக்கைப் பத்திப் பேசி முடிக்கட்டும்னு காத்துக்கிட்டிருந்தேன்."