நாலு முகமூடி

முகமூடியை மட்டும் கழற்ற மாட்டோம் என்று நாலு பேரும் ஒரேயடியாகச் சொல்லிவிட்டார்கள். ஏன் என்றுதான் ஃபாயிஸாவுக்கு விளங்கவில்லை.

நாகமலை புதுக்கோட்டைக்குப் பக்கத்து மைதானத்தில் கோடை இசை விழா. மணி ஐந்தாகியும் வெயில் இறங்கவில்லை. மேடைக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகைக்குள் ஃபேன் அனலைத்தான் தள்ளியது. அந்தப் புழுக்கத்தில் 'மூடாக்கு' குழுவின் நாலு பேரும் தலையிலிருந்து கழுத்து வரை துணி முகமூடி மாட்டி, கண் மட்டும் தெரிய உட்கார்ந்திருந்தார்கள்.

ஃபாயிஸா ஒரு யூடியூப் சேனல் நிருபர். காலையிலிருந்து மூன்று குழுக்களைப் பேட்டி எடுத்தாயிற்று. அவர்களெல்லாம் கேமராவில் தங்கள் முகம் விழவேண்டும் என்று முண்டியடித்தார்கள். இவர்களோ இப்படி. மூடாக்கு ஆட்களின் முகத்தை முதலில் காட்டுவது நம் சேனலாகத்தான் இருக்கவேண்டும் என்று ஆபீஸிலிருந்து இரண்டு தடவை போன் வந்துவிட்டது.

முகமூடி எதற்கு என்று கேட்டாள்.

முகத்தைப் பார்க்காமல் ஜனங்கள் பாட்டைக் கேட்கட்டும் என்றான் பாடகன் கார்த்திகேஷ். தூசி ஒத்துக்கொள்ளாது என்றான் கிட்டார் வாசிப்பவன். கீபோர்டுக்காரன் முகப்பரு என்றான்.

மூன்று பேர், மூன்று பதில். டிரம்ஸ் வாசிக்கும் ஆள் மட்டும் வாயே திறக்கவில்லை. ஃபாயிஸா மைக்கை அந்தப் பக்கம் நீட்டினால் மற்ற மூவரும் சேர்ந்துகொண்டு பதில் சொன்னார்கள்.

"அவரே பேசட்டுமே" என்றாள்.

டிரம்ஸ் ஆள் தலையை மட்டும் ஆட்டி மறுத்தது.

எல்லாம் விளம்பரத்துக்காகப் போடும் வேஷம் என்று முடிவுகட்டினாள் ஃபாயிஸா.

ஆறு மணிக்கு மேடை ஏறினார்கள். கூட்டம் கிறங்கிப் போனது. அதிலும் அந்த டிரம்ஸ் அடிக்கு, சும்மா நின்ற போலீஸ்காரர் கூடத் தாளம் போட்டார்.

இறங்கி வந்ததும் டிரம்ஸ் ஆள் நேராகத் தண்ணீர்த் தொட்டிக்குப் போய், முகமூடியைக் கழற்றி முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டது. கேமராமேன் காளை அதை அப்படியே படம் பிடித்துவிட்டார்.

அது ஒரு பெண். இருபது வயசு இருக்கும்.

ஃபாயிஸாவுக்குக் குழப்பம் போய்க் கோபம் வந்தது. இவ்வளவு நன்றாக வாசிக்கிற பெண்ணைப் பேசவும் விடாமல், முகத்தையும் மூடி வைத்திருக்கிறான்களே. கார்த்திகேஷைத் தனியே கூப்பிட்டு நாலு வாங்கு வாங்கினாள்.

அவன் மறுக்கவில்லை. பெண்ணின் பெயர் இந்துப்ரியா என்றும், அவள் டிரம்ஸ் வாசிப்பது வீட்டில் தெரியாது, கம்ப்யூட்டர் கிளாஸ் என்று சொல்லிவிட்டு வருகிறாள் என்றும் சொன்னான்.

"அவ ஒருத்தி மட்டும் முகத்தை மூடுனா யாருன்னு தேடுவாங்கக்கா. நாலு பேரும் மூடுனா ஸ்டைலுன்னு விட்டுருவாங்க."

ஃபாயிஸா மைக்கை அணைத்தாள். அதற்குள் கார்த்திகேஷ் வெலவெலத்துப் போனான். தடுப்புக் கம்பியைத் தாண்டி வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் அவர்களைப் பார்த்து வந்துகொண்டிருந்தார்.

"அவ அப்பாக்கா. ஜவுளிக்கடை வெங்கடசுப்பிரமணியன். கொஞ்சம் பிடிச்சு வைங்க" என்று சொல்லிவிட்டு ஓடினான். இந்துப்ரியாவைக் குழுவின் வேனுக்குள் ஏற்றிக் கதவைச் சாத்தினார்கள்.

வந்தவர், மைக் வைத்திருந்த ஃபாயிஸாவிடம்தான் நின்றார்.

"அந்த டிரம்ஸ் வாசிச்சது யாரும்மா?"

ஃபாயிஸாவுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

"ஒரு பையன் சார். திருப்பரங்குன்றம் பக்கம்."

"கேமராவுல முகம் எதுவும் விழுந்துச்சா?"

"இல்ல சார்."

அவர் திரும்பி, பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த காளையைப் பார்த்தார். காளை யாரையும் கேட்கவில்லை. கேமராவைக் குனிந்து பார்ப்பதுபோல் பார்த்து, பட்டனை அழுத்தி அந்தக் காட்சியை அழித்துவிட்டு, "முகம் எதுவும் இல்லண்ணே" என்றார்.

இப்போது இவர் கத்தப் போகிறார், வேன் கதவைத் தட்டப் போகிறார் என்று ஃபாயிஸா காத்திருந்தாள். அவரோ பெருமூச்சு விட்டு, கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார்.

"நல்லது. நியூஸ்லயும் பையன்னே போடும்மா."

ஃபாயிஸா விழித்தாள்.

"வாடிப்பட்டியில இவங்க வாசிச்சப்பவும் கடைசி வரிசையில நின்னு கேட்டேன். எம்புட்டு வேகம் அந்தக் கையில" என்றார், வேனைப் பார்த்தபடியே.

"அப்ப உங்களுக்குத் தெரியுமா சார்?"

அவர் கையைக் காட்டி அவளை நிறுத்தினார்.

"எங்களது கூட்டுக் குடும்பம்மா. எங்க அண்ணன் பேச்சுத்தான் வீட்டுல. எனக்குத் தெரியும்னு ஆயிட்டா, நானே அவளைத் தடுத்தாகணும். எனக்குத் தெரியாத வரைக்கும்தான் எம்பொண்ணு வாசிக்க முடியும்."