திரும்பிப் பார்த்தவள்

"நல்லாப் பாருங்க. கழுத்தைத் திருப்பவே முடியாதவங்களா இவங்க?"

கோர்ட்டின் சமரச அறையில், இன்ஷூரன்ஸ் கம்பெனி வக்கீல் வீடியோ படத்தை அங்கேயே நிறுத்தினார்.

சுவரில் டிரைவிங் மாஸ்டரின் மனைவி. ஒரு குடைக் கடை வாசலில் வெடுக்கென்று பின்னால் திரும்பியிருந்தாள். கம்பெனி ஆள் காருக்குள் ஒளிந்திருந்து எடுத்த படம்.

எதிரே உட்கார்ந்திருந்த மாஸ்டருக்கு அந்தச் சாயங்காலம் நினைவிருந்தது. அவள் பேரம் பேசிக்கொண்டே இருந்தாள். பொறுமை கெட்டுப்போய்ப் பின்னாலிருந்து கூப்பிட்டது இவர்தான்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் கூப்பிட்டு அவள் திரும்பாமல் இருந்ததில்லை. திரும்பின கையோடு ஒரு திட்டும் விழும். படத்தில் சத்தம் இல்லை. ஆனாலும் அவருக்குக் கேட்டது: "வரேன்ல, என்ன, ரயிலுக்கா நேரமாச்சு?"

ஊருக்கே பிரேக் போடக் கற்றுக்கொடுத்த மனுஷன். சிக்னலில் ஒழுங்காக நின்ற அவர் காரை, பின்னால் வந்த வேன்காரன் பிரேக் போடாமல் இடித்தான். அன்றைக்குப் பிடித்த கழுத்துவலி, காரில் கூட இருந்த அவளுக்கு. கம்பெனிக்காரர்கள் அதை நடிப்பு என்று எழுதிவிட்டார்கள்.

காசு கிடக்கட்டும், என்னைப் பொய்க்காரி ஆக்கிட்டாங்களே என்று அவள் புலம்பாத நாளில்லை. அந்தப் பழியைத் துடைக்கத்தான் மாஸ்டர் செருப்புத் தேய அலைந்தார்.

"நிறுத்தாதீங்க சார். மிச்சமும் ஓடட்டும்" என்றாள் அவருடைய வக்கீல். ஒரு காலத்தில் அவரிடம் கார் ஓட்டப் பழகிய பெண்.

ஓடியது.

திரும்பியவளின் கை பிடரிக்குப் போனது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, கடைக் கம்பத்தைப் பிடித்தபடி நின்றாள். வலி விடுகிற மட்டும் அப்படியே நின்றாள். அப்புறம், ஒன்றுமில்லை என்பதுபோல் அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

கம்பெனி வக்கீலுக்கு முகம் சுண்டிவிட்டது. பாவம், அவரும் இப்போதுதான் முழுசாகப் பார்க்கிறார் போலிருக்கிறது. போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். வந்து, வலி உண்மைதான் என்று எழுதியே தந்துவிடுகிறோம், இன்றைக்கே முடித்துக்கொள்ளலாம் என்றார்.

வக்கீல் பெண்ணுக்குத் தலைகால் புரியவில்லை. "ஜெயிச்சுட்டோம் மாஸ்டர். கையெழுத்துப் போடுங்க."

மாஸ்டர் பேனாவைத் தொடவில்லை. யாரோ விளக்கைப் போட்டுவிட்டார்கள். சுவர் வெறும் சுவராக இருந்தது.

காய்ச்சல் என்று படுத்தவள், எழுந்திருக்காமலே போய் ஒரு வருஷம் ஆகிறது. வீட்டில் சட்டம் போட்ட போட்டோ ஒன்று உண்டு. அதில் உதட்டை இறுக்கிக்கொண்டு யாரோ மாதிரி இருப்பாள். நடக்கிற, திட்டுகிற, சிரிக்கிற அவளை இன்றைக்குத்தான் மறுபடி பார்த்தார்.

"இன்னிக்கு வேண்டாம்மா" என்றார் மெதுவாக. "இன்னொரு வாய்தா வாங்கு. அப்பவும் இதைப் போட்டுக் காட்டுவாங்கல்ல?"